இஸ்திரிக்காரி கேட்கிறாள்

மார்ச் 6

அக்காவுக்கு,

உனக்குக் கடிதம் எழுதி ஆறு வருஷம் ஆகிறது. முதலில் போன்தான் செய்தேன். மாமா எடுத்தார். "உங்க அக்காவுக்குத் தொண்டை வீங்கியிருக்கு. மூணு வாரம் வாயே திறக்கக் கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. கல்யாணம் ஆனதிலேருந்து இப்பத்தான் வீடு லைப்ரரி மாதிரி இருக்கு, நீ கெடுத்துடாதே" என்றார். நீ பக்கத்தில் நின்று அவரை முறைத்திருப்பாய். உன் வாய் அடைத்திருக்கும் நேரம் பார்த்துச் சண்டைக்கு வருகிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் பரவாயில்லை, வந்துவிட்டேன்.

நீ இன்னும் என் வீட்டைப் பார்க்கவில்லை. பாப்பா பிறந்து எட்டு மாதமாகியும் பார்க்கவில்லை. அதைப் பிறகு பேசுவோம். நாங்கள் இருப்பது முதல் மாடி. கீழே சலவைக்கூடம். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வரும். என் சமையலறைச் சுவர் எப்போதும் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுடும். பின்பக்க ஜன்னலுக்கு நேர் கீழே இஸ்திரி மேசை. அதில் நின்று வேலை செய்கிற பெண் வேலை நேரத்தில் ஒரே ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவாள். எங்களோடு நம் மொழியில்தான் பேசுவாள். பாட்டு மட்டும் அவளுடைய பேச்சில், நீயும் நானும் கற்ற இந்துஸ்தானிப் பாட்டுகளின் மொழிக்குப் படிக்காத தம்பி மாதிரி ஒன்றில்.

ஆகஸ்டில் அதைத்தான் போனில் பதிவு செய்து உனக்கு அனுப்பினேன். "இதைக் கேட்டால்தான் பாப்பா தூங்குகிறாள், கேட்டுப் பார்" என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன். "எடுத்துக்கொள்" என்று எழுதவில்லை.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணி வாங்கக் கீழே போனேன். அலமாரி மேல் அவர்களுடைய ரேடியோ, ஹேங்கர் கம்பியை ஏரியலாகச் சுற்றிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தது. உன் குரல். ஒரு நொடி பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பிறகு பாட்டு புரிந்தது. முடிந்ததும் அறிவிப்பாளர் சொன்னார்: "படகோட்டிக் கவியின் இதுவரை யாரும் பாடாத பாடல்."

இஸ்திரிக்காரம்மா அசையவில்லை. பெட்டியின் அடியில் ஒரு தலையணை உறை கருகி நாற்றம் வந்தபிறகுதான் எடுத்தாள். பத்து வருஷத்தில் அவள் கருக்கிய முதல் துணியாம், மேஸ்திரி சொன்னார். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இது என் பாட்டுல்ல? யாரு அந்தப் படகோட்டி?"

பாப்பா அழுகிறாள் என்று சொல்லி மேலே ஓடிவந்துவிட்டேன். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.

நீ பதில் சொல். என்றோ வாழ்ந்து மறைந்த சாமியார் படகோட்டி இதில் எங்கிருந்து வந்தார்?

உன் பின்பாட்டுக்காரி


மார்ச் 13

அருமைத் தங்கச்சிக்கு,

அருமை என்று எழுதும்போது பல்லைக் கடித்தேன். பல் கடிக்க டாக்டர் தடை சொல்லவில்லை.

உன் மாமா ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். "உப்பு கம்மி" என்று நான் எழுதி முடிப்பதற்குள் மனிதர் சாப்பிட்டுக் கை கழுவிவிடுகிறார். இந்த நிலைமையில் எனக்கு உன் குற்றப்பத்திரிகை.

பாப்பாவைப் பார்க்க வரவில்லை என்கிறாய். வரிசையாக ஒன்பது கச்சேரி நாம் ஒத்துக்கொண்ட பிறகு, வயிற்றில் பிள்ளையோடு படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக நீ செய்தி அனுப்பினாய். என்னிடம் நேரே சொல்லவில்லை, தபலாக்காரரிடம் சொல்லி அனுப்பினாய். ஒன்பது மேடையிலும் என் முதுகுக்குப் பின்னால் காலியாக இருந்தது. அதையும் பிறகு பேசுவோம்.

பாட்டுக்கு வருகிறேன். நீயும் என்னோடு பன்னிரண்டு வருஷம் கற்றவள். இது உனக்குத் தெரியாதா? இந்த மாதிரிப் பாட்டுகளில் கடைசி வரியில் கவி தன் பெயரை வைப்பார். முத்திரை வரி. பாட்டு வாய் மாறும்போது முத்திரையும் மாறும். மாடு மேய்ப்பவன் பாடினால் மாடு மேய்ப்பவன் ஆகும். இவள் பாடியிருக்கிறாள், "இஸ்திரிக்காரி கேட்கிறாள்" என்று ஆகியிருக்கிறது. மற்ற வரிகளைப் பார்:

கதவில்லாத வீட்டில் விளக்கு வைத்தது யார்?
உள்ளே இருக்கிறாயா?
காற்று வந்துபோகும் வழியில் உட்கார்ந்திருக்கிறேன்,
உள்ளே இருக்கிறாயா?
நீ விட்டால் அந்தி, நீ எடுத்தால் விடியல்,
உள்ளே இருக்கிறாயா?

கதவில்லாத வீடு என்றால் உடம்பு. காற்று என்றால் பிராணன். உள்ளே இருப்பவன் யார் என்று மேடையில் விளக்கவே வேண்டாம், கூட்டம் கண்ணை மூடிக்கொள்கிறது. துணி தேய்க்கிறவள் கட்டுகிற பாட்டா இது? படகோட்டியின் கை இதில் அப்படியே தெரிகிறது. மேலே அழுக்கு படிந்திருந்தது. துடைத்து "படகோட்டி சொல்கிறான்" என்று இருந்த இடத்தில் வைத்தேன். அவள் துணிக்குச் செய்வதை நான் பாட்டுக்குச் செய்தேன்.

இன்னொன்று. ஒவ்வொரு "உள்ளே இருக்கிறாயா"வுக்குப் பிறகும் அவள் நிற்கிறாள். ஒரு தடவை நாலு அடி, ஒரு தடவை ஏழு. தாளத்தில் உட்காரவே இல்லை. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைக்கிற நேரம் அது, வேறென்ன? அதைப் பதினாறு அடிக்குள் கொண்டுவந்து, ஓட்டையாக இருந்த இடத்தில் வேகமான சுரங்களால் ஒரு 'தான்' போட்டு அடைத்தேன். கைதட்டல் விழுவதே அந்த இடத்தில்தான்.

மே மாதம் ஒலிப்பதிவு. என் முதல் ஆல்பம், தங்கச்சி. நாற்பத்தொரு வயதில் முதல். "படகோட்டிப் பாடல்கள்" என்று பெயர் வைத்தாகிவிட்டது. ஒரு பேராசிரியர் நான்கு பக்க முன்னுரை எழுதியிருக்கிறார், மூன்று பக்கம் இந்த ஒரு பாட்டைப் பற்றி. போய்ப் பாப்பாவைத் தூங்கவை.

அக்கா


மார்ச் 19

அக்கா,

"அழுக்கு" என்று எழுதினாய் பார், அந்தக் காகிதத்தைப் பாப்பா வாயில் போட்டு மென்றுவிட்டாள். நான் தடுக்கவில்லை. பிறகு மசி உடம்புக்கு ஆகாதோ என்று பயந்து டாக்டருக்கு இரண்டு தடவை போன் செய்தேன். என் புத்தி இப்போது அப்படித்தான் இருக்கிறது. பாப்பா தும்மினால் ஒரு நோய், தும்மாவிட்டால் இரண்டு. அதனால் நான் சொல்வதையெல்லாம் பயந்தாங்கொள்ளியின் பேச்சு என்று நீ தள்ளிவிடலாம். இந்த ஒன்றைத் தள்ளவிடமாட்டேன்.

முதலில் என் குற்றம். ஆகஸ்டில் நான் அவளிடம் கேட்காமல் பதிவு செய்தேன். ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, துணி காயப்போடுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு எடுத்தேன். கல்லூரியில் படித்தவள் செய்கிற வேலையா அது? நீ திருடியிருந்தால் சுவர் ஏறிக் கதவைத் திறந்துவிட்டவள் நான்.

திங்கட்கிழமை கீழே போய் எல்லாவற்றையும் சொன்னேன். நீ யார், நான் யார், போன், ஜன்னல். அவள் விரிப்பை நான்காக மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நல்லாப் பாடிக் குடுத்திருப்பேன்ல. அந்த மாசம் எனக்குச் சளி."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"உங்க அக்கா பாடினதுல தப்பில்ல. நல்ல குரல்தான், ஆனா மாடிப்படியில பாத்திரம் உருண்டாப்புல நடுவுல எதுக்கு அது? சரி, அது அவங்க இஷ்டம். ஆனா அந்த ஆளு யாரு? அவனுக்கும் என் பாட்டுக்கும் என்ன?"

"ரொம்பப் பழைய சாமியாரு. நூறு நூறு வருஷத்துக்கு முன்னால..."

"அப்ப அவருக்கு எப்படித் தெரியும்?"

எது தெரியும் என்று அவள் சொல்லவில்லை. பெட்டியை எடுத்து வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து பாடுவதில்லை. மூன்று நாட்களாக ஜன்னல் வழியே ஆவியின் சீறலும் மேஸ்திரியின் கத்தலும்தான் வருகின்றன. பாப்பா தூங்கமாட்டேன் என்கிறாள். நான் பாடிப் பார்த்தேன், இன்னும் உரக்க அழுதாள். அவளுக்கு அசல் தெரிந்துவிட்டது.

உன் ஆல்பத்தைக் கெடுக்க எனக்கு ஆசையில்லை. அந்தப் பாட்டில் அவள் வரி திரும்பி வரவேண்டும். வரும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன். உனக்கு வாய் திறக்க முடியாது, எனக்கு வீட்டைவிட்டு நகர முடியாது. இரண்டு பேருக்கும் நேரம் நிறைய இருக்கிறது.

பின்பாட்டுக்காரி


மார்ச் 24

தங்கச்சிக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், கோபத்தில் கையெழுத்து கோணுகிறது.

என்னைத் திருடி என்கிறாய். உன்னையும் சேர்த்துத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் மேடையில் உட்காரப்போவது நான்.

பேராசிரியரிடம் போய், "ஐயா, நீங்கள் மூன்று பக்கம் உருகிய பாட்டைச் சலவைக்கூடத்தில் ஒருத்தி பாடினாள், என் தங்கச்சி சொல்கிறாள்" என்று சொல்லவா? ஆதாரம் கேட்பார். ஆதாரம் என்ன இருக்கிறது? அவள் சொன்னாள். "என் பாட்டு" என்று எல்லோரும்தான் சொல்வார்கள். நம் அம்மாகூட ரேடியோவில் வந்த பாட்டையெல்லாம் "என் பாட்டு" என்பாள்.

பாட்டுக் கட்டுகிறவள் ஒன்றோடு நிற்கமாட்டாள். நிறையக் கட்டுவாள், அதில் ஒன்று நிற்கும். படகோட்டி முந்நூறு கட்டினார். அவள் இன்னொன்று கட்டட்டும், அல்லது கட்டியதைக் காட்டட்டும். காட்டினால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். இல்லையென்றால் நீ நிறுத்திக்கொள்.

நாளையோடு மௌனம் முடிகிறது. குரல் திரும்புமா என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் "பார்ப்போம்" என்கிறார். "பார்ப்போம்" என்கிற டாக்டரை எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் நீ இப்படி.

அக்கா


மார்ச் 30

அக்கா,

உன் தொண்டையைப் பற்றி நான் ஒரு வரிகூட விசாரிக்கவில்லை என்பது உன் கடிதத்தைப் படித்தபிறகுதான் உறைத்தது. மன்னித்துவிடு. வெந்நீர், ஓய்வு என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயப்படாதே என்றும் சொல்லமாட்டேன், அதைச் சொல்கிற தகுதி இந்த வீட்டில் எனக்குத்தான் ரொம்பக் குறைவு.

உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நேற்று மத்தியானம் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே போனேன். அவள் தோளிலேயே கண்ணயர்ந்தாள். இஸ்திரிக்காரம்மா மடித்த விரிப்புகளின் மேல் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். சூடான அடுக்கு. பாப்பா அதில் அப்படியே அமிழ்ந்து தூங்கினாள். நீ கேட்டதை நான் அப்படியே கேட்டேன். இன்னொரு பாட்டு உண்டா என்று.

"எதுக்கு இன்னொண்ணு?" என்றாள். "ஒண்ணுதான் தேவைப்பட்டுச்சு. அப்புறம் பையன் பொழச்சுட்டான்."

எனக்குப் புரியவில்லை. அந்த நேரத்தில் என் கை பழக்கதோஷத்தில் பாப்பாவின் மூக்குக்குக் கீழே போனது. நாளைக்கு இருபது தடவை போகிறது. மூச்சு வருகிறதா என்று பார்க்க. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் வீட்டுக்காரரே "விடும்மா, குழந்தைய எழுப்பித் தூங்குதான்னு கேப்பே போல" என்று கேலி செய்கிறார். விரலில் காற்றுப் படும்வரை நான் அசையமாட்டேன்.

நிமிர்ந்தேன். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயுமா?" என்றாள்.

பிறகு சொன்னாள். அவள் மகன் பிறந்தபோது உள்ளங்கை நீளம்தானாம். நெஞ்சு பலமில்லை. மூச்சு விடும், நிற்கும், மறுபடி விடும். அப்போது ஒரு ஆஸ்பத்திரி சலவை அறையில் வேலை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. குழந்தையை மேசைக்குப் பக்கத்தில் துணிக்கூடையில் போட்டுக்கொண்டு தேய்ப்பாளாம். கண் துணியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கருகும். கையில் பெட்டி. மிச்சமிருந்தது வாயும் காதும்தான்.

"ஒரு வரி பாடுவேன். நிறுத்துவேன். மூச்சு சத்தம் கேக்குதான்னு பாப்பேன். கேட்டா அடுத்த வரி. கேக்கலன்னா பெட்டிய வச்சுட்டு முதுகுல தட்டுவேன். அவ்ளோதான் பாட்டு."

"கதவில்லாத வீடு?"

"கூடைதான். மூடி கிடையாது."

"விளக்கு?"

"அது எங்க ரூம்ல ஒண்ணே ஒண்ணு, கூடைக்கு நேர் மேல தொங்கும். யாரு மாட்டினாங்கன்னு தெரியாது. நல்ல மனுசன்." பிறகு கொஞ்சம் யோசித்து, "நீங்க உள்ள இருக்கறதைச் சாமின்னு நினைச்சா சாமிதான். அன்னைக்கு எனக்கு என் புள்ளையும் சாமியும் வேற வேறயா தெரியல" என்றாள்.

பதினொரு மாதம் பாடினாளாம். பையன் இப்போது லாரி ஓட்டுகிறான். "வாசப்படியில குனிஞ்சுதான் வருவான் தடியன். குறட்டை விட்டா தெருவே எந்திரிக்கும். எனக்கு அது சங்கீதம்" என்றாள்.

அக்கா, நீ ஓட்டை என்று நினைத்து அடைத்த இடம் அதுதான். இஸ்திரிப் பெட்டி தூக்குகிற நேரம் இல்லை. நானும் எட்டு மாதமாக அப்படித்தான் நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே. அவள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறாள். நீ அவள் குழந்தை மூச்சு விடுகிற இடத்தை உன் சுரங்களால் அடைத்திருக்கிறாய்.

ஆல்பத்தில் அவள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "பேரெல்லாம் எதுக்கு? இஸ்திரிக்காரின்னு பாட்டுலயே இருக்கே. அதைப் புடுங்காம இருந்தாப் போதும்" என்றாள்.

ஆதாரம் கேட்டாய். இதுதான் ஆதாரம். பேராசிரியருக்குப் போதாது என்றால் அவர் ஒரு குழந்தையை வளர்த்துப் பார்க்கட்டும்.

தங்கச்சி


ஏப்ரல் 16

குட்டி,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் மேசை மேல் கிடந்தது. படித்துவிட்டு, படிக்காதவள் மாதிரி நடந்துகொண்டிருந்தேன். உன் மாமா சிலேட்டில் எழுதிக் காட்டினார், "தங்கச்சிக்குப் பதில் எழுது" என்று. பேச்சுத் தடை எனக்குத்தான் இருந்தது, அதுவும் முடிந்துவிட்டது, அவருக்கு எதற்குச் சிலேட்டு? பழகிவிட்டதாம்.

ஆறாம் நாள் டாக்டர் பாடலாம் என்றார். அரை மணி நேரம், மெதுவாக. எதைப் பாடுவது என்று நான் யோசிக்கவில்லை. தம்புராவை மீட்டிக்கொண்டு உன் இஸ்திரிக்காரியின் பாட்டையே எடுத்தேன். சோதித்துப் பார்க்கத்தான், ஒத்துக்கொண்டு அல்ல. முதல் வரி. "உள்ளே இருக்கிறாயா?" என்று பாடிவிட்டு, 'தான்' போடாமல் நின்றேன்.

எதிரே சாய்வு நாற்காலியில் உன் மாமா மத்தியானத் தூக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் குறட்டை நடுவில் நிற்கும், உனக்குத் தெரியும், நாம் கேலி செய்வோம். சரியாக அங்கே நின்றது. நான் எண்ணவில்லை. நான்கு அடியா, ஏழா, தெரியாது. என் விரல் தம்புராவில் ஓடிக்கொண்டிருந்தது, அவர் வாய் திறந்தபடி இருந்தது, காற்று வரவில்லை. பத்தொன்பது வருஷம் இந்த மனிதரோடு இருக்கிறேன். அந்த இடத்தில் சுரம் போடுகிறவள் மனுஷியா?

பிறகு வந்தது. பெரிய சத்தத்தோடு. அடுத்த வரியை எடுத்தேன். குரல் நடுங்கவில்லை. குரல் இருக்கிறது, குட்டி. கீழே கொஞ்சம் கரகரப்பு, ஆனால் இருக்கிறது.

அன்று முழுக்க ஒன்று யோசித்தேன். படகோட்டியின் பாட்டு எழுபதுக்கு மேல் எனக்குப் பாடம். எல்லாவற்றிலும் அவர் சொல்கிறார். கண்டேன், அடைந்தேன், வா என்கிறார். அக்கரைக்குப் போய்விட்டு அங்கிருந்து குரல் கொடுப்பவர் அவர். ஒரு பாட்டில்கூட எதையும் கேட்டுவிட்டுக் காத்திருந்ததில்லை. எழுபது பாட்டுப் பாடம் பண்ணியவளுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். நல்ல பாட்டு என்றால் அது பழைய சாமியாருடையதாகத்தான் இருக்கும் என்று என் காதை நானே பழக்கிவைத்திருந்தேன். வேறொன்றுமில்லை.

பேராசிரியருக்கு எழுதினேன். "அந்தப் பெண்ணுக்கே தெரியாமல் அவள் வாயில் படகோட்டி பாடியிருக்கலாம் அல்லவா?" என்று பதில் போட்டார். "அவர் பாடியிருந்தால் நிறுத்தியிருக்கமாட்டார்" என்று எழுதினேன். முன்னுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கம்பெனிக்காரர்கள் அந்த ஒரு பாட்டை எடுத்துவிடலாம், ஆல்பத்தின் பெயரும் முன்னுரையும் தப்பிக்கும் என்றார்கள். நியாயமான யோசனை. அரை நாள் ஆசைப்பட்டேன், உன்னிடம் மறைக்கமாட்டேன். பிறகு முடியாது என்றேன். ஆல்பத்துக்கு இப்போது பெயர் இல்லை. ஒன்பது படகோட்டிப் பாடல், ஒரு இஸ்திரிக்காரி பாட்டு. கடைசியில் வரும்.

தபலாக்காரர் வந்து கேட்டார்: "அந்த இடத்துல நான் என்ன வாசிக்கறது?"

"ஒண்ணும் வாசிக்க வேண்டாம்."

"எத்தனை அடிக்கு?"

"தெரியாது."

"கையக் கட்டிக்கிட்டு உக்காரவா என்னைக் கூப்புடறீங்க? அதுக்கு என் மச்சான் இருக்கான், அவன் வாழ்க்கை முழுக்க அதத்தான் பண்ணிக்கிட்டிருக்கான்."

ஆனால் வருகிறார்.

ஒரு சிக்கல். காத்திருப்பதை நடிக்க முடியவில்லை. வீட்டில் மாமா இருந்தார். ஒலிப்பதிவு அறையில் யாருடைய மூச்சுக்கு நான் நிற்பது? மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றால் அது மறுபடியும் தாளம்தான். அவரை அங்கே கூட்டிப்போய்த் தூங்கவைத்தால் குறட்டையில் என் ஆல்பமே போய்விடும்.

ஆகவே மே 3, சனிக்கிழமை. டிக்கெட் இதோடு வைத்திருக்கிறேன். உனக்கும் பாப்பாவுக்கும். ரயிலில் ஜன்னலோரம், காற்று அதிகம் என்று பயந்தால் கதவை மூடிக்கொள். பின்பாட்டுக்கு அல்ல. பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே உட்கார். என் முதுகுக்குப் பின்னால் நீ உட்கார்ந்த காலம் போதும், இந்தத் தடவை நான் உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு பாட வேண்டும்.

இஸ்திரிக்காரியிடம் அனுமதி கேள். இந்தத் தடவை பாடுவதற்கு முன்னால்.

அக்கா


மே 17

அக்கா,

ஊர் வந்து சேர்ந்ததும் எழுதுகிறேன் என்றேன், பத்து நாள் தாமதம். பாப்பாவுக்கு லேசாகச் சளி. லேசாகத்தான். பார், "லேசாக" என்று நானே எழுதுகிறேன்.

அந்த அறையில் நடந்ததை நான் திரும்ப எழுதப்போவதில்லை, நீயும் அங்கேதான் இருந்தாய். ஒன்றே ஒன்று. மூன்றாவது தடவை நீ பாடி நின்றபோது, பாப்பாவின் வயிறு ஏறி இறங்குவதை நீ பார்த்த பார்வையை நான் பார்த்தேன். இத்தனை மாதம் வராததற்கு நீ மன்னிப்புக் கேட்கவே வேண்டாம். நானும் தபலாக்காரரிடம் சொல்லி அனுப்பியதற்குக் கேட்கமாட்டேன். கணக்கு அந்த இடத்தில் தீர்ந்துவிட்டது. "குழந்தை மூச்சு லேசா விழுந்திருக்கு, எடுத்துடவா மேடம்?" என்று ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டபோது, "கைய வச்சீங்கன்னா தெரியும் சேதி" என்று நீ போட்ட சத்தத்தில் பாப்பா எழுந்தாளே, அந்தத் தொண்டைக்கு இனி ஒன்றும் ஆகாது.

நீ அனுப்பிய பதிவு நேற்று வந்தது. இன்று மத்தியானம் கீழே கொண்டுபோனேன். மேஸ்திரி துவைக்கிற இயந்திரத்தை நிறுத்தினார். அது நின்று நான் பார்த்ததே இல்லை. மூட்டை தூக்குகிறவர்கள்கூட வந்து நின்றார்கள். பாடட்டும் என்று முன்பே தலையாட்டியிருந்த இஸ்திரிக்காரம்மா மட்டும், "நீ போடு, எனக்கு வேலை கெடக்கு" என்று தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

முதல் "உள்ளே இருக்கிறாயா" வந்தது. நீ நின்றாய். அவள் கை நின்றது. பெட்டி துணிக்கு ஒரு சாண் மேலே அப்படியே இருந்தது. போனுக்குள்ளிருந்து பாப்பாவின் மூச்சு வந்தது. கை இறங்கியது. இரண்டாவது தடவையும் அப்படியே. ஒரு விரிப்பும் கருகவில்லை.

கடைசியில் "இஸ்திரிக்காரி கேட்கிறாள்" என்றபோது மூட்டை தூக்குகிறவர்கள் ஓவென்று கத்தினார்கள். அவள் அவர்களை அடக்கினாள். கடைசிக் கேள்விக்குப் பின்னால் வருகிற அமைதி முடியும்வரை அடக்கி வைத்திருந்தாள்.

என்ன சொல்லப்போகிறாள் என்று நான் பரீட்சை எழுதினவள் மாதிரி நின்றேன்.

"நல்லாப் பாடியிருக்காங்க" என்றாள். "அந்த உருட்டல எடுத்துட்டாங்க, நல்லது." பிறகு ஒரு தலையணை உறையை உதறி விரித்துக்கொண்டே, "மூணாவது இடத்துல மட்டும் உங்க அக்கா அவசரப்பட்டுட்டாங்க. புள்ள மூச்சை வெளிய விட்டுச்சு, இன்னும் உள்ள இழுக்கல. அதுக்குள்ள அடுத்த வரிக்குப் போயிட்டாங்க."

மேலே வந்து பத்து முறை கேட்டேன். உண்மைதான், அக்கா. அரை மூச்சு. தபலாக்காரர், ஒலிப்பதிவுக்காரர், உன் கம்பெனி, கூடவே உட்கார்ந்திருந்த பெற்ற தாய், யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

ஆல்பம் அப்படியே வரட்டும். அடுத்த கச்சேரியில் சரிசெய்.

இதை எழுதும்போது பின்பக்க ஜன்னல் திறந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்குப் பிறகு கீழே பாட்டு ஆரம்பித்திருக்கிறது. சளியில்லாத குரல், நீ கேட்க வேண்டும். போன் மேசை மேல் இருக்கிறது, நான் தொடவில்லை. நீதான் இங்கே வர வேண்டும். இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கிறது, கேட்டுவிட்டேன், தருவாளாம்.

பாப்பா தூங்கிவிட்டாள். விரலை வைத்துப் பார்க்கவில்லை. பாட்டு அடுத்த வரிக்குப் போகிறதா என்று மட்டும் கேட்டேன்.

போயிற்று.

உன் தங்கச்சி